கொழுப்புக் கட்டியா, கேன்சரா? மைக்ரோஸ்கோப்பில் டாக்டர்கள் எதைப் பார்த்து முடிவு சொல்கிறார்கள்?

கையில், முதுகில், கழுத்துப் பக்கம் உருண்டையா ஒரு கட்டி. தொட்டால் மெத்துனு இருக்கும், விரலால் தள்ளினால் நழுவும், வலி இருக்காது. "அது வெறும் கொழுப்புக் கட்டிதாங்க, ஒண்ணும் பண்ணாது" என்று பக்கத்து வீட்டுக்காரர் முதல் டாக்டர் வரை எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் இருக்கும். பெரியவர்களுக்கு வரும் மென்திசுக் கட்டிகளில் மிகவும் பரவலானது லிப்போமா எனப்படும் இந்தச் சாதாரண கொழுப்புக் கட்டிதான்.

ஆனால் அதே மாதிரி மெத்தென்ற ஒரு கட்டி தொடைத் தசையின் ஆழத்திலோ வயிற்றின் பின்பக்கமோ வளர்ந்தால் கதை வேறு. அது லிப்போசார்கோமா என்ற கேன்சராக இருக்கலாம். சாதாரண கட்டி என்றால் சின்ன ஆபரேஷன், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். சார்கோமா என்றால் பெரிய அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, பல வருட கண்காணிப்பு. இந்த இரண்டில் எது என்று கடைசியில் சொல்பவர், நோயாளி ஒருமுறைகூட நேரில் பார்த்திராத ஒருவர்: பயாப்சியைப் பரிசோதிக்கும் பெத்தாலஜிஸ்ட், அதாவது நோய்க்குறியியல் மருத்துவர். அவர் கண்ணாடி ஸ்லைடில் என்ன பார்க்கிறார்? எங்கே ஏமாற வாய்ப்பு இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

மென்திசுக் கட்டி என்றால் என்ன?

எலும்பையும் உள்ளுறுப்புகளையும் தவிர்த்து உடம்பைத் தாங்கி, இணைத்து நிற்கும் பகுதிகளே மென்திசு. கொழுப்பு, தசை, நரம்பு, ரத்தக்குழாய், நார்த்திசு எல்லாம் இதில் அடங்கும். இவற்றில் உருவாகும் கேன்சருக்குத்தான் மென்திசு சார்கோமா என்று பெயர்.

இதில் பெத்தாலஜிஸ்டுகளை அதிகம் குழப்பும் குடும்பங்கள் இரண்டு. ஒன்று, கொழுப்புச் செல்கள் நிறைந்த கட்டிகள். இன்னொன்று மிக்ஸாய்டு கட்டிகள். வெட்டிய வெண்டைக்காயின் கொழகொழப்பு மாதிரி, செல்களுக்கு இடையே ஜெல்லி போன்ற பொருள் நிரம்பிக் கிடப்பவை இவை. சில கட்டிகள் இரண்டு குடும்பத்திலும் கால் வைத்திருக்கும். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கட்டி எப்படி ஸ்லைடாக மாறுகிறது?

எடுத்த திசுவை முதலில் ஃபார்மலினில் போடுவார்கள். அது அழுகாமல் அப்படியே உறைந்து நிற்கும். பிறகு ஆல்கஹால், சைலீன் என்று ஒவ்வொன்றாகக் கடந்து மெழுகுக்குள் பதிப்பார்கள். அந்த மெழுகுக் கட்டிக்குத்தான் 'பிளாக்' என்று பெயர். அதிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஒட்டி, இரண்டு சாயம் ஏற்றுவார்கள். ஹெமடாக்ஸிலின் உட்கருவை நீல ஊதாவாக்கும். இயோசின் மற்ற பகுதியை இளஞ்சிவப்பாக்கும்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைத்து வெளியேற்றிவிடும். அதனால் கொழுப்புக் கட்டியின் ஸ்லைடில் கொழுப்பே இருக்காது! கொழுப்பு இருந்த இடம் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். பெத்தாலஜிஸ்ட் பார்ப்பது அந்த ஓட்டைகளின் அளவையும், அவற்றைச் சுற்றி நிற்கும் உட்கருக்களையும், நடுவே ஓடும் நார்களையும் ரத்தக்குழாய்களையும்தான்.

சாதாரண லிப்போமா எப்படி இருக்கும்?

பார்க்கவே அமைதியாக இருக்கும். ஏறக்குறைய ஒரே அளவில் பெரிய பெரிய வெள்ளை வட்டங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் மெலிந்து ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன உட்கரு. மோதிரத்தில் கல் பதித்த மாதிரி. சுற்றிலும் மெல்லிய உறை.

இதன் நெருங்கிய சொந்தங்களும் ஆபத்தில்லாதவையே:

• ஆஞ்சியோலிப்போமா: இளம் வயதினரின் முன்கையில் பல கட்டிகளாக வரும், தொட்டால் வலிக்கும். ஸ்லைடில் நுண்ணிய ரத்தக்குழாய்களுக்குள் சின்னச் சின்ன உறைவுகள் தெரியும்.

• ஹைபர்னோமா: உடல் சூட்டைக் காக்கும் பழுப்புக் கொழுப்பில் இருந்து வருவது. செல்லுக்குள் ஒரே பெரிய ஓட்டைக்குப் பதில் பல சிறு குமிழ்கள் இருக்கும்.

• லிப்போபிளாஸ்டோமா: பெரும்பாலும் 3 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு வரும். முழுதாக வளராத கொழுப்புச் செல்களும் மிக்ஸாய்டு பகுதிகளும் கலந்திருப்பதால் கேன்சர் மாதிரி தோன்றும். ஆனால் கேன்சர் இல்லை. இங்கே குழந்தையின் வயதே பெரிய சாட்சி.

ஒரே செல், இரண்டு பெயர்: ஏன்?

சாதாரண கொழுப்பு மாதிரியே இருக்கும். ஆனால் நடுவே ஓடும் நார்ப்பட்டைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, பெரிதாக, கருத்து, கோணல்மாணலான உட்கருக்கள் ஒளிந்திருக்கும். கொழுப்புச் செல்களின் அளவும் தாறுமாறாக இருக்கும். இதுதான் நன்கு முதிர்ந்த வகை லிப்போசார்கோமா. ஒரு ஸ்லைடு முழுக்கத் தேடினாலும் அப்படிப்பட்ட செல்கள் சிலதான் கிடைக்கலாம். அவசரமாகப் பார்த்தால் 'லிப்போமா' என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம்.

இதே கட்டி கை, கால்களில் இருந்தால் அதை 'ஏட்டிபிக்கல் லிப்போமேட்டஸ் ட்யூமர்' என்று மென்மையான பெயரில் அழைக்கிறார்கள். வயிற்றுக்குப் பின்புறம் இருந்தால் லிப்போசார்கோமா. செல்லில் வித்தியாசம் இல்லை. அப்புறம் ஏன் இரண்டு பெயர்?

1979-ல் அமெரிக்க பெத்தாலஜிஸ்ட் ஹாரி எவன்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், அதுவரை இந்த வகை லிப்போசார்கோமா என்று சொல்லப்பட்டிருந்த 30 கட்டிகளை மறுபடி எடுத்து ஆராய்ந்தார்கள். கட்டி எந்த இடத்தில் இருந்தது என்பதுதான் நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானித்தது. கை, காலில் இருந்தால் முழுமையாக வெட்டி எடுத்துவிட முடியும். திரும்ப வந்தாலும் மறுபடி எடுக்கலாம். வயிற்றின் பின்புறம் என்றால் சிறுநீரகம், குடல், பெரிய ரத்தக்குழாய்கள் எல்லாவற்றையும் தழுவி வளர்ந்திருக்கும். முழுதாக எடுப்பது கஷ்டம். திரும்பத் திரும்ப வந்து உயிரையே எடுத்துவிடலாம்.

இந்தக் கட்டி இந்த நிலையிலேயே இருக்கும்வரை வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் அதன் ஒரு பகுதி கொழுப்புத் தன்மையை இழந்து, நெருக்கமான மூர்க்கச் செல்களாக மாறலாம். அப்போது பரவும் சக்தி வந்துவிடுகிறது. வயிற்றின் பின்புறக் கட்டிகளில் இந்த மாற்றத்துக்கு வாய்ப்பு அதிகம். கை, கால் கட்டிகளில் அது அரிது.

'லிப்போபிளாஸ்ட்' இருந்தால் கேன்சர் உறுதியா?

பழைய பாடம் இது: லிப்போபிளாஸ்ட் என்ற செல்லைக் கண்டுபிடித்தால் லிப்போசார்கோமா. அந்தச் செல்லுக்குள் கொழுப்புக் குமிழ்கள் இருக்கும். அவை கருத்த உட்கருவை அழுத்தி, மாவு உருண்டையில் கட்டைவிரலை வைத்து அமுக்கிய மாதிரி பள்ளம் போட்டிருக்கும்.

இன்றைய நிலை வேறு. லிப்போபிளாஸ்ட் இல்லாமலும் லிப்போசார்கோமா இருக்கலாம். லிப்போபிளாஸ்ட் இருந்தும் கட்டி சாதுவாக இருக்கலாம். குழந்தைகளின் லிப்போபிளாஸ்டோமா அதற்கு உதாரணம். அடிபட்டுச் சிதைந்த கொழுப்பை விழுங்கிய செல்களும், உடம்புக்குள் வைத்த சிலிகான் கசிந்தால் அதை விழுங்கிய செல்களும்கூட லிப்போபிளாஸ்ட் வேஷம் போடும். ஆகவே ஒரு செல்லை வைத்துத் தீர்ப்பு எழுதுவதில்லை.

பார்க்கப் பயங்கரம், ஆனால் ஒன்றும் இல்லை

ஏமாற்றம் இரண்டு பக்கமும் உண்டு. நடுத்தர வயதைத் தாண்டிய ஆண்களின் பிடரி, தோள்பட்டை, மேல்முதுகுத் தோலுக்கடியில் வரும் ஸ்பிண்டில் செல் லிப்போமா, ப்ளியோமார்ஃபிக் லிப்போமா இரண்டும் ஒரே குடும்பம். முதல் வகையில் ஒல்லியான செல்களும் கயிறு திரித்த மாதிரி கொலாஜன் நார்களும் இருக்கும். சில சமயம் மிக்ஸாய்டு ஜெல்லியும் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது வகையில் பூவிதழ் அடுக்கிய மாதிரி பல உட்கருக்கள் வட்டமாக நிற்கும் ராட்சத செல்கள் இருக்கும். அனுபவம் இல்லாத கண்ணுக்கு அது நிச்சயமாகக் கேன்சர்! உண்மையில் வெட்டி எடுத்தால் கதை முடிந்தது.

நோடுலர் ஃபேஷியைட்டிஸ் இன்னொரு கில்லாடி. சில வாரங்களிலேயே கிடுகிடுவென வளரும். ஸ்லைடில் செல்கள் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும், நடுவில் மிக்ஸாய்டு பகுதியும் இருக்கும். இதைச் சார்கோமா என்று நினைத்துப் பெரிய ஆபரேஷன் செய்த வரலாறு மருத்துவத்தில் உண்டு. ஆனால் இது தானாகவே சுருங்கக்கூடிய கட்டி.

மிக்ஸாய்டு கட்டிகள்: ரத்தக்குழாய்தான் துப்பு

மிக்ஸாய்டு கட்டியில் செல்கள் குறைவு, ஜெல்லி அதிகம். செல்களைப் பார்த்து முடிவுக்கு வருவது கஷ்டம். அதனால் அனுபவமுள்ள பெத்தாலஜிஸ்ட் ஜெல்லிக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பார். தொடையில் ஒரு மிக்ஸாய்டு கட்டி என்றால் முக்கியமாக நான்கு சந்தேகங்கள்:

1. தசைக்குள் மிக்ஸோமா: செல்களும் குறைவு, ரத்தக்குழாய்களும் குறைவு. சாதுவான கட்டி. இதில் பெரும்பாலும் ஜிஎன்ஏஎஸ் என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும்.

2. மிக்ஸாய்டு லிப்போசார்கோமா: கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பி வலை மாதிரி, மெல்லிய ரத்தக்குழாய்கள் கிளை பிரிந்து பின்னிக் கிடக்கும். நடுவே ஒரே மாதிரியான சின்ன நீள்வட்டச் செல்கள். கோரமான உட்கருக்கள் இருக்காது. 'பார்க்கச் சாதுவா இருக்கே' என்று தோன்றும். ஆனால் இது கேன்சர்.

3. மிக்ஸோஃபைப்ரோசார்கோமா: பெரும்பாலும் முதியவர்களுக்கு வரும், பல சமயம் தோலுக்குச் சற்றுக் கீழேயே. ரத்தக்குழாய்கள் சற்றுத் தடித்து, வில் போல வளைந்து ஓடும். உட்கருக்கள் கருத்து, அளவு மாறி இருக்கும். சில செல்கள் லிப்போபிளாஸ்ட் மாதிரியே தெரியும். ஆனால் குமிழுக்குள் இருப்பது கொழுப்பு அல்ல, ஜெல்லி. வெட்டி எடுத்த இடத்திலேயே திரும்ப வருவதும், வரும்போது இன்னும் தீவிரமாக வருவதும் இதன் குணம்.

4. குறைந்த தீவிர ஃபைப்ரோமிக்ஸாய்டு சார்கோமா: பெரும்பாலும் இளம் வயதினருக்கு. நார்ப்பகுதியும் ஜெல்லிப் பகுதியும் மாறி மாறி வரும். செல்கள் ரொம்ப அமைதி. 1987-ல் அதே ஹாரி எவன்ஸ், சாதுவாகத் தெரிந்தும் உடம்பில் பரவிய இரண்டு கட்டிகளை விவரித்துத்தான் இந்த நோயை உலகுக்குச் சொன்னார். பல வருடங்கள், சிலருக்குப் பத்து, இருபது வருடங்கள் கழித்துக்கூட நுரையீரலுக்குப் போகலாம். எம்யூசி4 என்ற புரதத்துக்கான சாயம் ஏற்றினால் இது பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அதாவது, நான்கில் மூன்று கேன்சர். அந்த மூன்றில் இரண்டு பார்க்க அமைதியாக இருப்பவை. அதனால்தான் 'செல் நல்லாத்தான் இருக்கு' என்பது இங்கே போதுமான பதில் இல்லை.

மிக்ஸாய்டு லிப்போசார்கோமாவில் இன்னும் இரண்டு விஷயங்கள்

முதலாவது, கட்டிக்குள் ஜெல்லி குறைந்து, வட்டமான செல்கள் நெருக்கி அடைத்த பகுதிகள் இருக்கின்றனவா என்று தேடுவார்கள். அப்படிப்பட்ட பகுதி 5 சதவீதத்தைத் தாண்டினால் தீவிர வகையாகக் கருதுவது வழக்கம். உடம்பில் பரவும் ஆபத்து அதிகம், சிகிச்சைத் திட்டமும் மாறும்.

இரண்டாவது, பெரும்பாலான சார்கோமாக்கள் பரவும்போது முதலில் நுரையீரலுக்குப் போகும். இது முதுகெலும்பு, வயிற்றின் பின்புறம், வேறு மென்திசுப் பகுதிகள் என்று எதிர்பாராத இடங்களுக்கும் போகும். அதனால் நெஞ்சு ஸ்கேன் மட்டும் போதாமல், முதுகெலும்பு எம்ஆர்ஐ போன்ற பரிசோதனைகளையும் டாக்டர்கள் கேட்கிறார்கள். ஒரு நல்ல செய்தி, இந்தக் கட்டி கதிர்வீச்சுக்கு நன்றாகச் சுருங்கக்கூடியது.

வயிற்றின் பின்புறம் எடுத்த கட்டியில் இதே தோற்றம் தெரிந்தால் பெத்தாலஜிஸ்ட் உஷாராகிவிடுவார். அங்கே இந்த வகை முதலில் தோன்றுவது மிக அரிது. ஒன்று, முன்பு சொன்ன வயிற்று லிப்போசார்கோமாவே ஜெல்லி வேஷம் போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் தொடையில் இருந்த கட்டி இங்கே பரவியிருக்க வேண்டும். "முன்னாடி கால்ல ஏதாவது கட்டி எடுத்தீங்களா?" என்று கேட்பது இதற்காகத்தான்.

மரபணு பரிசோதனை எப்படி உதவுகிறது?

கண்ணுக்குச் சந்தேகம் வந்தால் அடுத்த சாட்சி மரபணு. 'ஃபிஷ்' என்ற பரிசோதனையில், குறிப்பிட்ட மரபணுவில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒளிரும் சாயத்தைத் திசுவில் ஏற்றுவார்கள். மரபணு இருக்கும் இடம் மைக்ரோஸ்கோப்பில் புள்ளியாக மின்னும்.

சாதாரண செல்லில் எம்டிஎம்2 மரபணுவுக்கு இரண்டு புள்ளிகள் இருக்கும். நன்கு முதிர்ந்த லிப்போசார்கோமாவில் அது எக்கச்சக்கமாகப் பெருகி, புள்ளிகள் கொத்துக் கொத்தாகத் தெரியும். செல்லுக்குக் காவல்காரனான பி53 புரதத்தை அடக்குவதுதான் எம்டிஎம்2-வின் வேலை. அது பெருகினால் காவல் இல்லாத வீடு மாதிரிதான். சாதாரண லிப்போமாவில் இந்தப் பெருக்கம் இருக்காது.

மிக்ஸாய்டு லிப்போசார்கோமாவில் நடப்பது வேறு. 12-வது குரோமோசோமின் ஒரு துண்டும் 16-வது குரோமோசோமின் ஒரு துண்டும் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. இதனால் எஃப்யூஎஸ், டிடிஐடி3 என்ற இரண்டு மரபணுக்கள் இணைந்துவிடுகின்றன. 1993-ல் ஆராய்ச்சியாளர்கள் இந்த இணைப்பை அடையாளம் கண்டார்கள். 90 சதவீதத்துக்கும் மேற்பட்ட மிக்ஸாய்டு லிப்போசார்கோமாக்களில் இது இருக்கிறது. மீதியில் எஃப்யூஎஸ்ஸுக்குப் பதில் இடபிள்யூஎஸ்ஆர்1 என்ற மரபணு இணைந்திருக்கும்.

எல்லாக் கொழுப்புக் கட்டிக்கும் இந்தப் பரிசோதனை தேவையில்லை. கட்டி ஆழத்தில் இருந்தால், 10 சென்டிமீட்டரைத் தாண்டினால், எடுத்தபின் திரும்ப வந்தால், வயிற்றுக்குள் இருந்தால், அல்லது ஸ்லைடில் சந்தேகச் செல்கள் தெரிந்தால் கேட்பார்கள்.

எங்கே தவறு நடக்கிறது?

மைக்ரோஸ்கோப்புக்கு வருவதற்கு முன்பேதான் பல தவறுகள் நடந்துவிடுகின்றன.

• "கொழுப்புதானே" என்று எடுத்த கட்டியைப் பயாப்சிக்கு அனுப்பாமல் குப்பையில் போடுவது. பிறகு அதே இடத்தில் திரும்ப வரும்போது, முதலில் இருந்தது என்ன என்று யாருக்கும் தெரியாது.

• ஸ்கேன் எடுக்காமல், பயாப்சி செய்யாமல், ஆழமான கட்டியில் நேரடியாகக் கத்தி வைப்பது. அது சார்கோமாவாக இருந்தால் செல்கள் சுற்றுப்புறத் திசுவில் சிதறும். இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைவிடப் பெரிதாகிவிடும்.

• ஊசியில் வந்த நூல் மாதிரித் திசுவை வைத்தே இறுதி முடிவு எதிர்பார்ப்பது. பெரிய கட்டியில் ஒரு மூலை லிப்போமா மாதிரியும், இன்னொரு மூலை தீவிர கேன்சராகவும் இருக்கலாம். அதனால் முழுக் கட்டி வந்ததும் தடித்த, வெளுத்த, நிறம் மாறிய இடங்களில் இருந்தெல்லாம் துண்டு எடுப்பார்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டாவது எடுப்பது பொதுவான நடைமுறை.

• பரிசோதனைச் சீட்டில் 'கட்டி' என்று மட்டும் எழுதி அனுப்புவது. வயது, இடம், ஆழம், அளவு, எவ்வளவு நாளாக இருக்கிறது, ஸ்கேனில் என்ன தெரிந்தது என்ற தகவல் இல்லாவிட்டால் பெத்தாலஜிஸ்டுக்குப் பாதி சாட்சி போய்விட்டது என்று அர்த்தம்.

நோயாளிகள் என்ன செய்யலாம்?

எல்லாக் கட்டிக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, தசைக்குள் ஆழமாக இருந்தாலோ, வேகமாக வளர்ந்தாலோ, ஒருமுறை எடுத்தது மீண்டும் வந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. வலி இல்லை என்பது நிம்மதிக்குக் காரணம் இல்லை. பல சார்கோமாக்கள் வலிக்காமலேயே வளர்பவை.

ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் ஒரே கேள்வி போதும்: "எடுக்கிறதைப் பயாப்சிக்கு அனுப்புவீங்களா டாக்டர்?" ரிப்போர்ட் வந்ததும் அதைப் பத்திரமாக வையுங்கள். ஸ்லைடும் மெழுகு பிளாக்கும் லேபில் இருக்கும். பெரிய மருத்துவமனையில் இரண்டாவது கருத்து கேட்க வேண்டியிருந்தால் எழுதிக்கொடுத்து அவற்றை வாங்கிப் போகலாம். மரபணு பரிசோதனையும் பெரும்பாலும் அந்தப் பிளாக்கிலேயே செய்துவிடலாம், மறுபடி ஊசி குத்த வேண்டியிருக்காது.

ரிப்போர்ட் தாமதமானால் பதற்றம் வருவது இயல்பு. ஆனால் கூடுதல் சாயம், மரபணு பரிசோதனை, இன்னொரு நிபுணரின் கருத்து என்று பெத்தாலஜிஸ்ட் சில நாட்கள் கேட்கிறார் என்றால், கட்டியின் தோற்றத்தை மட்டும் நம்பாமல் சரிபார்க்கிறார் என்று பொருள். இந்தக் கட்டிகளில் அந்தச் சில நாட்கள்தான் தேவையில்லாத பெரிய ஆபரேஷனையும் தடுக்கும், தேவையான சிகிச்சை தவறிப்போவதையும் தடுக்கும்.

பொறுப்புத் துறப்பு: இந்தக் கட்டுரை பொதுவான தகவலுக்காக மட்டுமே. உடலில் புதிதாகக் கட்டி தெரிந்தால் மருத்துவரை நேரில் பார்த்து ஆலோசனை பெறவும்.